குறிப்பு: நாற்பது எழுத்துக்குள்

காசிமேட்டில் விடிகாலை மூன்றே முக்காலுக்கு
வங்கி திறந்திருக்கிறது.
நான்தான் வங்கி.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்,
மீன் தண்ணீரில் ஊறிய ஷூ.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
ஜி.ஏ. ரோடு கிளைக்கு வேறு பெயர்.
இணைப்பு என்றார்கள்.
போர்டை இறக்கிப் புதுசு ஏற்றினார்கள்.
பழைய எழுத்துகளின் திருகாணி ஓட்டைகள்
சுவரில் அப்படியே;
ஒன்றில் குளவி குடியேறிவிட்டது.
மேலாளர் வரைபடத்தில் வட்டம் போட்டார்:
"இத்தனை வருஷம் கதவுக்கு வெளியே நின்னவங்கதான்
இனிமே நமக்கு மார்க்கெட்."
மாதம் முப்பது கணக்கு, என் பங்கு.

பிலோமினாவுக்குக் கடன் கொடுக்கலாமென்று
நான் சொல்லவில்லை. பெட்டி சொன்னது.
வஞ்சிரத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
எண்பது ரூபாய் வந்தது, இருநூற்றைம்பது வந்தது என்று
பதினான்கு மாதமாய் ஊரறியக் கூவுகிறதே,
அந்தச் சின்னப் பெட்டி.
கூவியதெல்லாம் எந்த சர்வரிலோ ஏறி
நன்னடத்தைச் சான்றாக இறங்கியிருக்கிறது.
ஐம்பதாயிரம். பத்தரை சதவீதம். இரண்டு வருஷம்.
ஈடு வேண்டாம்.

"ஈடு வேணாமா?
அப்போ இன்னாத்த நம்பிக் குடுக்கறீங்கோ?"

அவள் அறிந்தது தண்டல் கணக்கு.
பத்தாயிரம் என்று பேர்; கையில் எட்டரை.
நாளுக்கு நூறு, நூறு நாள்.
ஆறு மணிக்கு ஜெயசீலன் வருவான்,
வண்டியை நிறுத்தாமலே வாங்குவான்,
எண்ணெய் படிந்த நோட்டில் ஒரு கோடு கிழிப்பான்.
அதை ஆண்டு வட்டியாக்கிச் சொன்னேன்:
நூற்றிருபதைத் தாண்டுகிறது.

"சதவீதத்தையா சார் கொயம்புல போடறது?
ஏலத்துல நிக்கச் சொல்லோ
எவன் கைல துட்டு கீதோ அவன்தான் பேங்கு."

விரலை வைக்கச் சொன்னேன்.
மூன்று முறை மறுத்தது இயந்திரம்.
ரேகையை ஐஸ் தின்றிருந்தது,
மிச்சத்தைச் செதில்.
நான்காவதாக, இடது மோதிர விரல்.
பச்சை விளக்கு.
அவளைவிட எனக்குத்தான் மூச்சு வந்தது;
மாதத்தின் இருபத்தொன்பதாவது அவள்.

ஆறு மணி.
அதே வண்டி, அதே ஹாரன்.
ஜெயசீலன் இறங்கினான்.
இன்றைக்கு வண்டியை நிறுத்தினான்.
கழுத்தில் அட்டை.
எங்கள் வங்கியின் நீலம்.

வசூலை வெளியே கொடுத்திருக்கிறார்களாம்.
எடுத்த நிறுவனம் ஆள் தேடியதாம்.
"வசூலில் இருபது வருட அனுபவம்" என்று
விண்ணப்பத்தில் எழுதினானாம்.
பொய்யில்லை.

பிலோமினா எங்கள் இரண்டு அட்டைகளையும்
மாறி மாறிப் பார்த்தாள்,
பழைய மீனா புது மீனா என்று
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

"செரி. ஏப்ரல் பதினஞ்சுல இர்ந்து
அறுபத்தோரு நாளு கடல மூடிடுவானுங்க.
அப்போ இந்த அஞ்சாந்தேதி எங்க போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
ஜெயசீலனுக்குத் தெரிந்திருந்தது:
"நோட்டுல எய்தச் சொல்லோ
அந்த ரெண்டு மாசம் கோடு கியிக்க மாட்டேன்க்கா.
இப்போ மிஷினு."
தரையைப் பார்த்துச் சொன்னான்.
அவன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
திருமண நிலைக்குக் கட்டம் உண்டு.
கழிப்பறை உண்டா என்பதற்கும் உண்டு.
கடலுக்கு இல்லை.
கடைசியில் ஒரு இடம்,
குறிப்பு: நாற்பது எழுத்துக்குள்.

தடைக்காலம். கடல் மூடியிருக்கும். பொறுக்க.

அனுப்பு என்பதைத் தொட்டேன்.
திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது,
துறைமுகத்தில் சிக்னல் எப்போதும் இப்படித்தான்.
அதற்குள் பெட்டி கத்தியது:
அறுபது ரூபாய் வந்தது.
நெத்திலி வாங்கியது யாரென்று
மூன்று பேருமே திரும்பிப் பார்த்தோம்.