இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவள்

அன்றைக்கு நாடே பக்கம் மாறியது.
அறுபத்தேழு செப்டம்பர், மூன்றாம் தேதி, ஞாயிறு.
ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
யெவ்லே கடைத்தெருவில் எல்லா வண்டிகளும் நின்றன.
இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஊர்ந்தார்கள்,
வகுப்பில் இடம் மாற்றி உட்காரவைத்த பிள்ளைகள் போல
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி.

நான் பேக்கரி வாசலில், இரவு உடைக்குமேல் கோட்டு.
பயணிகள் இல்லாத பேருந்தில் நீ.
என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டாய்,
அதற்குள் விளக்குக் கம்பத்தை உரசிவிட்டாய்.
அப்படித்தான் அறிமுகம்.

சட்டம் பத்து நிமிடத்தில் மாறியது.
உன் இடது கை மாறவில்லை.
பழைய பேருந்தில் கியர் அதன் வேலை,
புதிய பேருந்தில் அது வலது கைக்குப் போய்விட்டது.
பனி விழுந்து, உருகி, சேறாகிக் காயும்வரை
அந்தக் கை கதவில் முட்டிக்கொண்டே இருந்தது,
வேலை போனதை வீட்டில் சொல்லாதவன்
காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவதுபோல.
ஏப்ரலில் ஒருநாள் அது மடியில் சும்மா கிடந்தது.
நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நாற்பத்துநான்கு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன்
பாதிக் கிழங்கில் நிறுத்தினாய்.
ரத்தக்கட்டி. மூளையின் வலப்பக்கம்.
அதன் பிறகு உனக்கு
இடம் என்று ஒன்றில்லை.
கண் நன்றாகத் தெரிகிறது;
பார்க்கத்தான் தோன்றவில்லை.

தட்டில் வலது பாதி மீன் தீர்ந்ததும்
'இவ்வளவுதானா?' என்பாய்.
தட்டைத் திருப்பி வைப்பேன்.
'ஓ, இன்னும் இருக்கிறதே.'
பாதி முகம் மழித்திருக்கும்.
செய்தித்தாளில் தலைப்பைப் பாதி வாசித்து
மீதியை நீயே இட்டுக்கட்டி
அமைச்சரோடு சண்டை போடுவாய்.
போர்வைமேல் கிடந்த உன் கையைக் காட்டி
'இது யாருடையது?' என்று கேட்டாய்.
ஒருமுறை, என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் ஆனெலி ஒரு கண்ணாடி மாட்டிவிட்டாள்.
ஆப்புபோல் ஒருபுறம் தடித்த கண்ணாடி.
உலகத்தை வலப்பக்கம் நகர்த்திக் காட்டும், அவ்வளவுதான்.
மேசையில் சிவப்புப் பொத்தான். 'தொடுங்கள், ரூனே.'
தொட்ட இடத்தில் வெறும் மேசை.
மறுபடி.
மறுபடி.
கெட்ட வார்த்தை இரண்டு சொன்னாய்,
இரண்டும் பேருந்துக் கொட்டகையில் கற்றவை.
முப்பதாவது முறை நகம் உரசியது.
ஐம்பதில், பொத்தான்மேல் விரல்.
கண் சொல்வது பொய் என்று
கை கண்டுபிடித்துவிட்டது,
உன்னிடம்கூடச் சொல்லாமல்.

கண்ணாடியைக் கழற்றினாள்.
கை இப்போது தானாகவே இடப்பக்கம் சாய்ந்தது,
இல்லாத பொய்க்கும் ஈடுகட்டியபடி.
கையின் பின்னால் கண் போனது,
நாயின் பின்னால் கயிறு போவதுபோல.
காப்பிக் கோப்பை. ஜன்னல். ஜன்னலில் படகுத்துறை.
அப்புறம் நான்.
'நீ எப்போது வந்தாய்?'
'அறுபத்தெட்டில்' என்றேன்.
ஆனெலி எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் மறந்துவிட்டாய்.
மறுநாள் மறுபடி ஐம்பது.
செத்த இடத்தின் வேலையை
அக்கம்பக்கத்து நரம்புகள் கற்றுக்கொள்ளுமாம்,
எழுபத்தொரு வயதிலும், மெதுவாக.
உன் கையைப் போலத்தான் கற்குமென்றால்
ஒரு பனிக்காலம் போதாது, ரூனே.

நாற்காலியை வலப்பக்கம் போட்டுக்கொள் என்கிறாள் மகள்.
மாட்டேன். இங்கேதான் உட்காருவேன்.
என் மூளைக்கும் ஒரு பாடம் இருக்கிறது,
பார்க்கப்படாமல் இருக்கப் பழகுவது.
அது ஐம்பது முறையில் வரவில்லை.

நேற்றிரவு நீ தூங்கும்போது
அந்த இடது கை
மெல்ல முன்னால் தள்ளி, ஒதுக்கி, பின்னால் இழுத்தது.
இரண்டாம் கியர்.
அறுபத்தேழுக்கு முந்தைய பேருந்து அது.
எந்தத் திருப்பம், மழையா, தெரியாது.
நான் விளக்கைப் போடவில்லை.
கை கட்டில் சட்டத்தில் முட்டும் இடத்தில்
என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
படுத்திருந்தேன்.