மூன்றாம் படி

வலிசுந்தரவின் பையில் துவக்கு இருந்து நான் கண்டதில்லை.
அளவு நாடா, சோக்குக் கட்டி,
அரக்கு, பழுப்பு உறைகள்,
தடிமனுக்கு ஒரு தைல டப்பி.
இராணுவப் பொலிஸ். தன் ஆட்களையே விசாரிக்கிறவர்.
முகாமில் அவருக்குத் தேத்தண்ணி
எப்போதும் ஆறித்தான் வந்தது.

நான் மொழிபெயர்ப்பாளர்.
கச்சேரி அனுப்பியது. நாட்சம்பளம்.
அவர் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன்.
இடையில் யாராவது அழுதால்
இருவரும் அதை எழுதாமல் விடுவோம்.

லான்ஸ் கோப்ரலாகச் சேர்ந்தவராம்.
முதல் வழக்கு, களஞ்சியத்தில் குறைந்த பதினெட்டுக் கம்பளி.
பிறகு டீசல்.
பிறகு யாரோ கழற்றி விற்ற நிலைக்கதவுகள், யன்னல்கள்,
ஒரு லொறி நிறைய, கொண்டியும் கொழுக்கியுமாக.
பட்டியலை அவர் வாசிக்க நான் எழுதினேன்.
முப்பத்தொன்பதாவது யன்னல்
எங்கள் வீட்டு யன்னல் மாதிரி இருந்தது.
சொல்லவில்லை.
மொழிபெயர்க்கிறவளுக்குச் சாட்சிக்கூட்டில் இடமில்லை.

வரணி வழக்கு அதற்குப் பிறகு.
பரிபூரணத்தின் மகன் கமலேந்திரனை
இரவு பதினொன்றரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.
விடிய, பனங்கூடலுக்குள் கிடந்தான்.
காவலரண் பதிவேட்டில்
கொடுத்த ரவை முப்பது, திரும்பியது முப்பது.
அந்த இரண்டாவது முப்பதை
வலிசுந்தர நெடுநேரம் பார்த்தார்.
மை வேறு, என்றார்.

"ஆரெண்டு தெரிஞ்சுதோ?"
"தெரியேல்லை."
நான் சொன்னேன்: தன்னே நே.
எழுதப் போன பேனை நின்றது.
அறியேன் என்கிறாளா,
கண்ணுக்குப் படவில்லை என்கிறாளா?
கேள்.

பதினாறு வருஷம் இரண்டு மொழியிலும் பிழைத்தவள் நான்.
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு அறை இருப்பதை
ஒரு பட்டாளத்தான் தட்டித்தான் கண்டேன்.

"இருட்டு, பிள்ளை. முகம் தெரியேல்லை.
ஆனா ஆளைத் தெரியும்.
கிணத்தடிக்குப் போற மூண்டாம் படி உடைஞ்சது.
வந்த மூண்டு பேரில ரெண்டு பேர் இடறினவை.
ஒருத்தன் எட்டித் தாண்டினவன்.
பின்னேரத்தில தண்ணி அள்ள வாற பொடியன்.
நான்தான் வாளி குடுக்கிறனான்."

வலிசுந்தர முழங்காலில் இருந்து படியை அளந்தார்.
ஒன்பதரை அங்குலம். இரண்டு தரம்.
சோக்கால் சுற்றிக் கோடு போட்டார்.
பரிபூரணம் அந்தக் கோட்டை மிதிக்கவில்லை.
தன் வளவுக்குள்ளேயே வேலியோரமாகச் சுற்றிப் போய்த்
தண்ணி அள்ளினாள்,
ஐப்பசி மழை வந்து அழிக்கும் வரை.

கோப்பு நூற்றுப் பதினான்கு பக்கம்.
கொழும்புக்குப் போனது.
ஆறாம் கிழமை அவருக்குப் பதவி உயர்வு வந்தது,
இடமாற்றமும் அதே உறைக்குள்.
கோப்பு வரவில்லை.
தண்ணி அள்ளினவனும் வேறு முகாமில்,
வேறு கிணற்றில்.
எனக்கு நாற்பத்திரண்டு நாள் சம்பளம் நிலுவை.
அது மட்டும் ஒரு வருஷம் கழித்து வந்தது, காசோலையாக.

போன வைகாசி, குறிகட்டுவான் இறங்குதுறை.
நயினாதீவுக்குப் போகிற வெள்ளை உடுப்புக்காரர் நடுவில் அவர்.
மேஜராக ஓய்வு பெற்றாராம்.
கையில் தாமரை மொட்டுத் தட்டு.
மனைவிக்கு என்னைக் காட்டினார்:
யாழ்ப்பாணத்தில் இதுதான் என் வாய்.
அந்த அம்மா சிரித்து, எனக்கும் ஒரு மொட்டுத் தந்தா.

வரணிக் கோப்பு என்னவாயிற்று, என்றேன்,
சிங்களத்தில்.
தமிழில் சொன்னார்.
எங்கே, யாரிடம் பழகினாரோ, எங்கள் ஊர்த் தமிழ்:
"தெரியேல்லை."

எது என்று கேட்கிற முறை இப்போது என்னுடையது.
வாய் திறந்தேன். இயந்திரம் இரைந்தது.
படகுக்காரப் பொடியன் தலை எண்ணினான்,
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
படகுக்கும் துறைக்கும் நடுவே
கறுப்பாய் ஏறி இறங்கும் இடைவெளியை
குனிந்து பார்க்காமலே
வலிசுந்தர எட்டித் தாண்டினார்.