ஏழாவது குழாய்

பகாவ் ஆய்வகத்தில் இரவு ஒன்பதரை.
குளிர்பெட்டியில் எட்டுக் குழாய்கள்.
ஏழாவது, மூன்றாம் பிளாக்கில்
குலை வெட்டுகிற ரஃபிகுலுடையது.
நாலு நாளாய்க் காய்ச்சல், கண்ணில் மஞ்சள்.

எலிக்காய்ச்சல் கிருமியின் புரதம்
இந்தச் சொட்டில் இருந்தால்
என் எதிர்ப்பொருள் போய்ப் பற்றிக்கொள்ளும்.
பற்றியது கண்ணுக்குத் தெரியாது.
அதனால் அதன் முதுகில் ஒரு சீட்டு,
ஒளி பட்டால் அறுகிற நூலில்.

பற்றாதவை மூன்று கழுவலில் போயின.
நாலாவதும் கழுவினேன்,
என் கையை நான் நம்புவதில்லை.

பிறகு ஊதா விளக்கு. தொண்ணூறு வினாடி.
வெளியே செம்பனை லாரி
கியர் மாற்றித் திரும்பியது.
குலைக்காம்புகளில் வெட்டியவரின் எண்;
கணக்கெழுதுகிறவர் மரத்தைப் பார்த்ததில்லை,
ஆளையும்தான்.

நூல் அறுந்தது.
கிருமித்துண்டும் அதைப் பிடித்த கையும்
காந்தத்தோடு ஒட்டி அடியில் கிடக்க
சீட்டு மட்டும் கழன்று நீரில் வந்தது.
திரையில் ஒரு முகடு,
ஒல்லியாய், ஆனால் சந்தேகமில்லாமல்.

டாக்டர் ஹனிசாவை அழைத்தேன்.
'ஏழு' என்றேன்.
அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம்.
'இல்லை, ரஃபிகுல்' என்றேன்.
'ரஃபிகுல் என்று எழுதுங்கள்.'