நித்திரவிளைக் கிளை

ஊர்ப் பேரிலேயே இருக்கிறது சங்கதி:
நித்திரை. விளை.
தூங்குகிற பணம்தான் விளையும் என்றார்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

சேமிப்புக் கணக்கு கோழித் தூக்கம்.
எப்போதும் தட்டி எழுப்பலாம்,
நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது.
தொடர் வைப்பு மாதம் இரண்டாயிரம்,
மீன் பட்டாலும் படாவிட்டாலும்.
நிரந்தர வைப்பு ஆழக்கடல்:
போனால் தவணை முடியாமல்
கரையைப் பார்க்கக் கூடாது.

லட்சத்துக்கு ஏழு சதவீதம்.
வருஷம் ஏழாயிரம், என்றேன்.
ஏழாயிரத்து நூற்றெண்பத்தைந்து சொச்சம், என்றார்.
மூன்று மாதத்துக்கொரு தரம்
வட்டியும் முதலோடு சேர்ந்து படுத்துக்கொள்ளுமாம்.
அப்புறம் வட்டியே குட்டி போடுமாம்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன தடைக்காலத்தில் என்ஜின் பணிக்காக
பதினோராம் மாதமே ஒன்றை உடைத்தேன்.
சொன்ன வட்டி இல்லை, அதிலும் ஒரு சதவீதம் பிடித்தம்.
பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளைபோல
சிணுங்கிக்கொண்டே வந்தது பணம்.

இன்றைக்குப் புதிதாய் ஒன்று,
எனக்க பேரும் அவருக்க பேரும் சேர்த்து.
ததேயுஸ் குஜராத் கடலில்; முப்பத்தொன்றாம் நாள்.
கையெழுத்தை மட்டும் கரையில் விட்டுப் போயிருக்கிறார்.

படிவத்தில் ஒரு கட்டம்:
இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்.

சங்கிலியில் கட்டிய பேனாவை
இரண்டு தரம் உதறினேன்.
மை இருந்தது.
"டிக் போடுங்கம்மா, எல்லாரும் போடுறதுதான்."

போட்டேன்.
கடலில் கிடக்கிற நாளுக்கு
யார் வட்டி எழுதுவார் என்று கேட்க வாயெடுத்தேன்.
நாற்பத்திரண்டாம் டோக்கனைக்
கூப்பிட்டுவிட்டார்கள்.