ஐந்து கிலோ கட்டி

போச்சம்பள்ளி தாண்டி
தென்னை மட்டை மலை.
நார் உரித்தபின் மிஞ்சும் தூளில் உப்பு இருக்கிறது.
அதை எடுப்பது என் வேலை.

மூன்று முறை கழுவு, மூன்று முறை வடி,
மீட்டரை நனைத்துப் பார்.
புள்ளி ஐந்துக்கு மேல் காட்டினால்
பாலைவனம் வாங்காது என்கிறார் முதலாளி.

பாலைவனத்துக்கு அவ்வளவு நாக்கு.

எண்ணூற்று நாற்பது அடியில் மோட்டார்.
போன மாசியில் அறுநூறு.
அந்தத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடி
திம்மராயன் கேவுரு வயலோரம் தேங்குகிறது.
ஒருநாள் வந்தார். சண்டை போடவில்லை.
குனிந்து விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார்.
"உப்பும்மா" என்றார். போய்விட்டார்.
மீட்டர் கையிலேயே இருந்தது எனக்கு.

கழுவியதைக் களத்தில் காயவைத்து
எந்திரத்தில் அழுத்தினால்
செங்கல் போல ஒரு கட்டி.
ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கப்பலேறுகிறது.

அங்கே அதைப் பிரிப்பவன் மாதேஷ்.
பாலக்கோட்டில் மூன்று ஏக்கர் தக்காளிக்காரன்,
இப்போது கண்ணாடிக் கூடாரத்தில் சம்பளக்காரன்.
வீடியோவில் காட்டினான்:
எண்ணெயை எரித்துக் கடலைக் காய்ச்சுகிறார்களாம்,
செடிக்கு இத்தனை மில்லி என்று
கம்ப்யூட்டர் சொட்டுகிறதாம்.
வெளியே ஐம்பது டிகிரி. உள்ளே மார்கழி.
"தக்காளிக்கு ஏசி அக்கா, எங்க ரூமுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

பிறகு கேட்டான், ஊரில் பெட்டி என்ன விலை?
அறுபது.
பறிகூலிக்கே காணாது, ரோட்டில் கொட்டுகிறார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் திரையில்
செடி மட்டும் தெரிந்தது.

ஆடியில் புகார் வந்தது.
நம் கட்டி ஒன்றில் அயல் விதை முளைத்ததாம்.
சரக்குக்கு அபராதம்.
முதலாளி போட்டோவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்:
பச்சையாய் நாலு தாள்,
தக்காளி வரிசையில் வழி தவறிய பிள்ளை மாதிரி.
எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

ராத்திரி மாதேஷ் குரல் அனுப்பியிருந்தான்.
"கேவுருக்கா அது. பிடுங்கச் சொன்னாங்க, பிடுங்கிட்டேன்.
ரூமுக்குப் பின்னாடி
ஏசி தண்ணி சொட்டுற இடத்துல நட்டிருக்கேன்.
கதிர் வருமான்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

இன்று சல்லடை மாற்றினோம், கண் சிறியது.
களத்தைச் சுற்றி வலை கட்டச் சொல்லியிருக்கிறார் முதலாளி.
மூன்று பக்கம் கட்டியாயிற்று.
நாலாம் பக்கத்துக்கு வலை பற்றவில்லை.
காற்று என்னவோ
திம்மராயன் வயலிலிருந்துதான் அடிக்கிறது.