ஏறிய நிறுத்தம்

மூன்று நாளாக
ஓட்டுநர் இருக்கையில் ஒருபக்கமாய்ச் சாய்ந்தபடி
பதினோராம் எண் டிராமை ஓட்டினேன்.
ரீகாவில் பிப்ரவரி. தண்டவாளமெங்கும் உப்பும் பனிச்சேறும்.
சைக்கிள் உரசிய புண் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
சைக்கிளோ
அக்டோபரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

சிறுநீர் போகையில் நெருப்பு.
தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது.
காய்ச்சலோடு ஒரு நிறுத்தத்தில்
கதவைத் திறக்க மறந்து கிளம்பியும்விட்டேன்.
மீன்பையோடு ஒருவர் கண்ணாடியைத் தட்டித் திட்டினார்.

டாக்டர் சர்மீதே விளக்கைத் திருப்பினாள்.
"நல்ல நேரத்தில் வந்தீர்கள், வெல்கா.
பொருக்குத் தட்டிய பிறகு வந்திருந்தால்
குச்சிக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது."
கொப்புளத்தைத் திறந்து
அடியில் பஞ்சுக்குச்சியை உருட்டினாள்.
கூரையில் ஈரக்கறை. வாத்து மாதிரி இருந்தது.
வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கையிலிருந்து ரத்தம்.

"இந்த ஆண்டில் எத்தனை பேர்?"
ஐம்பத்தெட்டு வயதில் இப்படிக் கேட்டால்
கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.
ஒருவர், ஐந்து வாரமாக.
அதற்கு முன்?
ஒரு கணவர். பன்னிரண்டு ஆண்டாக மண்ணுக்குள்.
அதற்கும் முன்?
யுர்மலா கடற்கரையில் ஒரு கோடை,
முகம் மறந்துபோன ஒரு கிடார்.

நாலாம் நாள் முடிவு வந்தது.
ஹெர்ப்பிஸ், இரண்டாம் வகை.
இந்துலிஸைத் திட்ட
நாலு நாளாய்ச் சேர்த்து வைத்திருந்த சொற்கள்
பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.
"ரத்தத்தில் எதிர்ப்பு நன்றாகவே ஊறியிருக்கிறது,"
என்றாள் சர்மீதே.
"பெரும்பாலும் பழையது.
முதுகுத்தண்டின் அடியில், நரம்பின் வேரில்
தூங்கிக்கொண்டே வந்திருக்கும்.
இன்றுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது."
"யாரிடமிருந்து?"
"உள்ளே இருப்பது யார் என்று சோதனை சொல்லும்.
எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று சொல்லாது."
என் வேலை அவளுக்குத் தெரியும்.

வோல்டிஸிடம் இனிக் கேட்க முடியாது.
கேட்டிருந்தாலும்
அவனுக்கும் தெரிந்திருக்காது.
பலருக்குப் புண்ணே வருவதில்லையாம்,
வந்தாலும் பூச்சிக்கடி என்று விட்டுவிடுவார்களாம்.

மறுநாள் வண்டிக்குள் பார்க்கும் கண்ணாடியில்
எல்லா முகங்களையும் பார்த்தேன்:
கையுறையைக் கடித்துக் கழற்றும் மாணவி,
தேவாலயப் பாடகர்,
மோதிரம் புத்தம்புதிதாய் மின்னும் இருவர்.
யாருக்கு வரும் என்று கேட்டிருந்தேன்.
தோலோடு தோல் சேர்ந்த யாருக்கும், என்றாள்.
பெண்ணுக்குச் சற்று எளிதாக.
பலரோடு என்றால் கூடுதலாக.
ஒரே ஒருவரோடு என்றாலும் விலக்கு இல்லை,
அந்த ஒருவருக்கும்
முந்தைய நிறுத்தம் ஒன்று இருக்கும்.

மெஜபார்க்ஸில் வழி முடிகிறது.
ஏரிப் பனியில் துளை போட்டு
இந்துலிஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.
திட்டப் போனவள்
மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.
எதற்கு மன்னிப்பு? உயிரோடு இருந்ததற்கா?
சொன்னேன். மாத்திரை உண்டு,
தினம் போட்டால் உனக்குத் தொற்றுவது குறையும்,
உறையும் குறைக்கும்,
இரண்டும் சேர்ந்தாலும் முழுக்க இல்லை,
புண் இருக்கும் நாளில் பக்கத்தில் வராதே.

தூண்டில் நூல் அசைந்தது. அவன் இழுக்கவில்லை.
"எனக்கும் அந்தக் குச்சியா?"
"உனக்குப் புண் இல்லையே. ரத்தம்தான்."
"எனக்கு முன்பே இருந்தால்?"
"இருந்தால் இருக்கட்டும்."

வெகுநேரம் துளையையே பார்த்தான்.
அதன் விளிம்பில் மெல்லிய பனி மறுபடி படர்ந்தது.
"வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை," என்றான்.

என் வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது.