திறப்போடு வைத்த தாள்

பெரிய திறப்பு முன்கதவுக்கு.
கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் திருப்புங்கள்,
குளிர்காலத்தில் இந்த வீடு ஒரு பக்கமாய்த் தோள் சாய்க்கும்.
சின்னது கடிதப்பெட்டிக்கு.
மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியாது.
எனக்கு முன்னிருந்தவரும்
அப்படிச் சொல்லித்தான் தந்தார்.

பிராண்டனுக்கு வந்த முதல் கிழமையே
சுகாதார அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.
வாடகைக் கடிதம் கேட்பார்கள்.
வீட்டுக்காரர் ஓரெஸ்ட் நாத்யூக்
இரண்டுதரம் கேட்டால் தருவார்,
மூன்றுதரம் கேட்டால் பீட்ரூட் சூப்பும் தருவார்.
சூப்பை மறுக்கவேண்டாம். அடுத்த குளிருக்கு
ஹீட்டர் திருத்த அவர்தான் வரவேண்டும்.

கார் வாங்கினால் முகப்பில் ஒரு வயர் தொங்கும்.
முதலில் நான் அதை யாரோ அறுத்துவிட்டதாய் நினைத்து
பொலிசுக்குப் போன் பண்ணினேன்.
அவள் சிரிக்கவில்லை, சுவரில் செருகச் சொன்னாள்.
இரவு முழுக்கச் செருகியிருக்கட்டும்.
மைனஸ் நாற்பதில்
சென்டிகிரேடும் ஃபாரன்ஹீட்டும் ஒன்று,
மனுசருக்கும் அப்படித்தான், அன்றைக்கு
முன்பின் தெரியாதவனும் உங்கள் காரைத் தள்ளுவான்,
பெயர் சொல்லாமல் போய்விடுவான்.

கோட்டு புதிதாய் வாங்காதீர்கள்.
மார்ச்சில், பழைய துணிக்கடையில்,
யாரோ ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

ரயில் மறித்தால் நூற்றிப்பதினெட்டுப் பெட்டி.
எண்ணியிருக்கிறேன்.
வேலைக்குப் பிந்தினால் 'ரயில்' என்று சொல்லலாம்,
மாதத்துக்கு ஒருதரம் நம்புவார்கள்.

பெரிய நகரங்களில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதற்குப்
பதில் தேவையில்லை.
இங்கே காசாளர் நிமிர்ந்து பார்த்துக் காத்திருப்பாள்,
பின்னால் எத்தனை பேர் நின்றாலும்.
ஒரு வசனம் ஆயத்தமாய் வைத்திருங்கள்.
நான் ஒருதரம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.
அவள் பட்டாணிப் பைக்குக் காசு வாங்கவில்லை.

மீன் பொரிப்பதென்றால்
குளியலறை யன்னலைத்தான் முதலில் திறக்கவேண்டும்,
குசினியுடையதை அல்ல. ஏனென்று கேட்காதீர்கள்.
புகைமணி அடித்தால் கீழ்வீட்டு ஒன்டினா
துவாயோடு மேலே ஓடி வருவாள்.
கொந்துராஸ்காரி, இறைச்சி ஆலையில் இரவு வேலை,
ஆகவே பகலில் பொரிக்கவே வேண்டாம்.
ஒரு துண்டு அவளுக்கு எடுத்துவையுங்கள். வால்ப்பக்கம்.

கறிவேப்பிலை
ஒன்றுவிட்ட வியாழன், பெட்ரோல் நிலையத்துக் குர்மேலிடம்.
வின்னிபெக் லொறி நாலு மணிக்கு,
ஐந்து மணிக்குப் போனால் காம்புதான்.
பெயர் சொன்னால் எடுத்து வைப்பான்.
என் பெயரையே சொல்லுங்கள், குணமலர்.
நான் போவது அவனுக்குத் தெரியாது.

குப்பை வெள்ளிக்கிழமை.

ஏப்ரலில் ஆறு பெருகும்.
நிலவறையில் எதையும் தரையில் வைக்காதீர்கள்.
செங்கல் அடுக்கியிருக்கிறேன், இரண்டு வரிசை போதும்.
மூன்றாவது வரிசை
கல்யாண அல்பத்துக்காக அடுக்கியது,
அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

நகுலேஸ்வரன் என்ற பெயருக்கு இன்னும் கடிதம் வரும்,
பல் கிளினிக், கார் காப்புறுதி,
பிறந்தநாளுக்கு டயர் கடையிலிருந்து ஒரு வாழ்த்து.
'இங்கில்லை' என்று எழுதித் திரும்பப் பெட்டியில் போடுங்கள்.
சிவப்புப் பேனை லாச்சிக்குள் கிடக்கிறது.
மூன்று வருடம் எழுதியிருக்கிறேன்,
மை இன்னும் இருக்கிறது.

ஏன் போகிறேன் என்று ஒன்டினா கேட்டாள்.
ஹமில்டனில் மகள் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

காரை விற்றுவிட்டேன்.
நீட்டு வயர் அலுமாரிக்குள், உங்களுக்கு.
இடது முன்னடுப்பு மட்டும் தோசைக்குச் சரி.

பி.கு.
குப்பை வெள்ளி அல்ல, வியாழன்.
மேலே பிழையாய் எழுதிவிட்டேன்,
திருப்பி எழுத நேரமில்லை, பஸ் வந்துவிடும்.
கறிவேப்பிலை நாளும் அதுதானே.
எப்படி மறந்தேன்.